பிள்ளைகளுக்குப் போர்க்கலை கற்பிக்கலாமா?

கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் எழுதிய உரையாடல்களுள் ஒன்று ‘லாக்கெஸ்’. அதில் ஏதென்ஸ் நகரத்தைச் சேர்ந்த லைசிமாக்கஸ், மெலேசியஸ் என்ற இரு தந்தையர் ஒரு கேள்வியுடன் வருகிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் நாடறிந்த பெரியவர்கள். ஆனால் பொதுக் காரியங்களில் மூழ்கித் தம் பிள்ளைகளின் கல்வியைக் கவனியாமல் விட்டவர்கள். அந்தக் குறை தங்கள் பிள்ளைகளுக்கும் நேர்ந்துவிடக் கூடாது என்பது இவர்களது கவலை. கவசம் பூண்டு ஆயுதம் ஏந்திப் போர் புரியும் வித்தையை ஒருவன் செய்துகாட்டியதை இருவரும் அப்போதுதான் பார்த்திருந்தனர். இதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாமா, கூடாதா?

ஆலோசனை கூற இரு படைத்தலைவர்கள் அழைக்கப்படுகிறார்கள். நிசியஸ் என்பவர், கற்பிக்கலாம் என்கிறார். உடலுக்கு நல்லது, போர்க்களத்தில் உதவும், மேற்கொண்டு கற்க ஆர்வத்தைத் தூண்டும், நடையிலும் நிற்கும் தோரணையிலும் ஒரு மிடுக்கு வரும் என்று காரணங்களை அடுக்குகிறார். லாக்கெஸ் ஏற்கவில்லை. வித்தை காட்டிய அந்த ஆசானையே தாம் போர்க்களத்தில் பார்த்த கதையை அவர் சொல்கிறார். ஈட்டியின் நுனியில் அரிவாளைப் பொருத்திய ஒரு புதுமையான ஆயுதத்தை அவன் கையில் வைத்திருந்தானாம். எதிரே வந்த கப்பலின் கயிறுகளில் அது சிக்கிக்கொண்டது. கப்பல் நகர நகர இவனும் ஆயுதத்தை விடாமல் தன் கப்பலின் தளத்தில் ஓடினான். கடைசியில் அவன் பிடியை விட்டுவிட, ஆயுதம் எதிரியின் கப்பலிலேயே தொங்கியது. இரு கப்பலிலும் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கோழை இந்த வித்தையைக் கற்றால் அசட்டுத் துணிச்சல் பெற்று அம்பலப்படுவான் என்பது லாக்கெஸின் முடிவு.

இருவருக்கும் இடையே தீர்ப்புச் சொல்லும்படி சாக்ரடீஸைக் கேட்கிறார்கள். அவர் கேள்வியையே திருப்பிவிடுகிறார். பிள்ளைகளின் ஆன்மா மேன்மையடைய வேண்டும் என்பதற்காகத்தானே இந்த வித்தையைத் தேடுகிறீர்கள்? அப்படியானால் வீரம் என்றால் என்ன என்று முதலில் சொல்லுங்கள். போர்க்களம் பல கண்ட அந்த இரு தளபதிகளாலும் கடைசி வரை விடை கூற முடியவில்லை. உரையாடல் முடிவின்றியே முடிகிறது. தெளிவான விடையை எதிர்பார்த்துப் படிப்பவர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் ‘இந்தக் கலையால் ஒழுக்கம் வளரும்’ என்று எளிதாகச் சொல்லிவிடும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டிய நூல் அது.

ஏதென்ஸ் தந்தையரின் அதே கேள்விக்கு ஒரு நாடே ‘ஆம்’ என்று விடை கூறி, அதைச் சட்டதிட்டமாகவும் ஆக்கியது நம் காலத்திலேயே நடந்திருக்கிறது. ஜப்பான் 2006-இல் தன் அடிப்படைக் கல்விச் சட்டத்தைத் திருத்தி, மரபையும் பண்பாட்டையும் மதித்தல் என்பதைக் கல்வியின் நோக்கங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அதையொட்டி 2008-இல் வெளிவந்த பாடத்திட்டம், நடுநிலைப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளில் உடற்கல்வியின் ஒரு பகுதியாகப் போர்க்கலையைக் கட்டாயமாக்கியது. 2012 ஏப்ரலில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவரும் மாணவியரும் ஜூடோ, கெண்டோ எனும் வாட்பயிற்சி, சுமோ எனும் மற்போர் ஆகியவற்றுள் ஒன்றைப் பயில வேண்டும். கெண்டோவுக்குத் தலைக்கவசமும் மார்புக்கவசமும் வேண்டும். ஜூடோவுக்கு ஒரு தடித்த அங்கி போதும். பெரும்பாலான பள்ளிகள் ஜூடோவைத் தேர்ந்தெடுத்தன.

அஹிம்சையைப் பரம தர்மமாகக் கொண்ட நாட்டில் வாழ்பவர்களுக்கு இங்கேயே ஒரு தயக்கம் எழும். பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் இடத்தில், பிறனைக் கீழே வீழ்த்தவும் கழுத்தை நெரித்துப் பிடிக்கவும் கற்பிப்பதா?

அஹிம்சை பற்றி மிக நுட்பமாகச் சிந்தித்த நூல்களுள் பதஞ்சலியின் யோக சூத்திரம் ஒன்று. அதன் இரண்டாம் பாதத்தில் அஹிம்சை முதலிய யமங்களைச் சொன்ன பிறகு, பிறப்பு, இடம், காலம், சந்தர்ப்பம் ஆகியவற்றால் வரையறுக்கப்படாதபோது அவை மகாவிரதம் ஆகின்றன என்கிறார் அவர். உரை எழுதிய வியாசர் வரையறுக்கப்பட்ட அஹிம்சைக்கு உதாரணங்கள் தருகிறார். மீனவன் மீனைத் தவிர வேறெதையும் கொல்வதில்லை என்று இருப்பது பிறப்பால் வரையறுக்கப்பட்டது. புண்ணியத் தலத்தில் கொல்வதில்லை என்பது இடத்தால். க்ஷத்திரியன் போரில் மட்டுமே ஹிம்சை செய்வான், வேறெங்கும் செய்யமாட்டான் என்பது சந்தர்ப்பத்தால். இவை மகாவிரதம் அல்ல என்பது உண்மை. ஆனால் வியாசர் இவற்றை அஹிம்சை அல்ல என்று தள்ளிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எல்லை உடைய அஹிம்சை என்றே கூறுகிறார். எல்லையே இல்லாத கோபத்துக்கும் எல்லையே இல்லாத அஹிம்சைக்கும் நடுவில், எல்லை வகுத்துக்கொள்ளும் ஒரு படி இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற படி அநேகமாக அதுதான். களத்தில் மட்டும், விதிக்கு உட்பட்டு, எதிரில் நிற்பவன் தயாராக இருக்கும்போது மட்டும், அவன் ‘போதும்’ என்று கையால் தட்டியவுடன் விட்டுவிட வேண்டும். போர்க்கலை பயிலும் பிள்ளை கற்பது இந்த எல்லையைத்தான், அல்லது இந்த எல்லையைத்தான் கற்க வேண்டும்.

போர்க்கலைக்கு ஆதரவாக மகாத்மா காந்தியைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. 1920-இல் ‘யங் இந்தியா’வில் வாளின் கோட்பாடு பற்றி அவர் எழுதிய கட்டுரை பிரசித்தமானது. கோழைத்தனமா வன்முறையா என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், வன்முறையையே தாம் சிபாரிசு செய்வதாக அதில் அவர் கூறினார். 1908-இல் தாம் உயிருக்கு ஆபத்தாகத் தாக்கப்பட்டபோது தம் மூத்த மகன் அருகில் இருந்திருந்தால், பலத்தைப் பயன்படுத்தியேனும் காப்பாற்றுவதுதான் அவன் கடமையாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். இது வரைதான் பலர் படிக்கிறார்கள். தண்டிக்கும் சக்தி உள்ளவன் மன்னிப்பதே மன்னிப்பு என்று கூறிய கையோடு, வலிமை உடலிலிருந்து வருவதல்ல, அசைக்க முடியாத மன உறுதியிலிருந்து வருவது என்றும் அதே கட்டுரையில் அவர் எழுதியிருக்கிறார். ஆகவே தசையை வளர்த்துவிட்டால் மன்னிக்கும் தகுதி வந்துவிடும் என்று காந்தியின் பெயரால் யாரும் வாதிட முடியாது.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ (1860–1938) இந்த இடத்தில்தான் கருதத்தக்கவராகிறார். அவர் முதலில் ஒரு கல்வியாளர். டோக்கியோவின் உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர். மெலிந்த உடல்வாகு கொண்ட அவர் மாணவப் பருவத்தில் முரட்டுத் தோழர்களிடம் துன்புற்றவர். அதனால் பழைய ஜூஜுத்ஸுக் கலையைத் தேடிக் கற்றார். 1882-இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த ஓர் அறையில், சில மாணவர்களுடன் தம் பள்ளியைத் தொடங்கினார். ‘ஜுத்ஸு’ என்றால் வித்தை. ‘டோ’ என்றால் வழி. பெயரில் செய்த இந்த ஒரு மாற்றத்தில் அவரது நோக்கம் முழுவதும் அடங்கியிருந்தது. எதிராளியின் உறுப்பைச் சேதப்படுத்தும் அபாயமான அடிகளையும் பிடிகளையும் சுதந்திரப் பயிற்சியிலிருந்து நீக்கினார். ஆற்றலை மிக நல்ல முறையில் பயன்படுத்துதல், தானும் பிறரும் சேர்ந்து வளம் பெறுதல் என்ற இரண்டையும் தம் கலையின் இலட்சியமாக வைத்தார்.

அவரது முறையில் மாணவன் முதலில் கற்பது வீழ்த்துவதை அல்ல, வீழ்வதை. ‘உகேமி’ என்று அதற்குப் பெயர். தாடையை மார்போடு ஒட்டவைத்து, தலை தரையில் படாதபடி முதுகை வளைத்து, கையால் பாயை அறைந்து விழும் வேகத்தைச் சிதறடிக்க வேண்டும். அது உடம்பில் ஊறிய பிறகே ஒருவனை மற்றவன் தூக்கிப் போடலாம். தூக்கிப் போடுபவனும் கடைசி நொடியில் தோழனின் சட்டைக் கையை விடாமல் பிடித்து, அவன் தலை பாயில் மோதாமல் தாங்க வேண்டும். எதிராளி இல்லாமல் இந்தக் கலையைக் கற்கவே முடியாது. ஆகவே அவன் பகைவன் அல்லன், உபகாரி. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவனை வணங்குவதன் பொருள் அதுதான்.

யோக சூத்திரம் அஹிம்சைக்குக் கூறும் பலன் இங்கே நினைவுக்கு வருகிறது. அஹிம்சையில் நிலைபெற்றவன் வலிமை பெறுகிறான் என்றோ புகழ் பெறுகிறான் என்றோ பதஞ்சலி சொல்லவில்லை. அவன் அருகில் வருபவர்களிடம் பகை அகல்கிறது என்கிறார். பலன் அருகில் இருப்பவனிடம் தெரிகிறது. பள்ளியில் கற்பிக்கும் போர்க்கலைக்கும் இதையே உரைகல்லாகக் கொள்ளலாம். பயின்ற பிள்ளை எவ்வளவு உயரம் உதைக்கிறான், எத்தனை பதக்கம் பெற்றான் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வகுப்பிலேயே மெலிந்த, பயந்த பிள்ளை அவன் பக்கத்தில் நிற்கும்போது அச்சம் குறைந்து நிற்கிறானா?

இந்த உரைகல்லில் ஜப்பானின் வரலாற்றை உரைத்துப் பார்த்தால் கிடைப்பது மகிழ்ச்சி தருவதாக இல்லை. 1911-இல் ஜூடோவும் வாட்பயிற்சியும் அந்நாட்டு இடைநிலைப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக நுழைந்தன. 1931-இல் மாணவர்களுக்கு அவை கட்டாயமாயின. அதே ஆண்டில்தான் ஜப்பானியப் படை மஞ்சூரியாவில் புகுந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பள்ளியின் பயிற்சிக்களம் பாசறையின் முன்கூடமாக மாறியது. பாய் அதேதான், வெள்ளை அங்கி அதேதான், குனிந்து வணங்கும் முறையும் அதேதான். ‘தானும் பிறரும் சேர்ந்து வளம் பெறுதல்’ என்பதில் வரும் ‘பிறர்’ மட்டும் காணாமல் போனார். 1945-இல் தோல்விக்குப் பின் பள்ளிகளில் போர்க்கலைகள் தடைசெய்யப்பட்டன. 1950-இல் ஜூடோ மீண்டும் அனுமதிக்கப்பட்டது, பின்னர் கெண்டோவும். 1958 முதல் பாடத்திட்டத்தில் அவற்றின் பெயர் மற்போட்டி என்ற பொருள் தரும் வேறொரு சொல்லாக இருந்தது. ‘வழி’ என்ற பழைய சொல் 1989-இல்தான் திரும்பி வந்தது. கலையே ஒழுக்கத்தைத் தரும் என்று நம்புவோர், ஒரே கலை இருவேறு எஜமானர்களுக்கு ஒரே பணிவுடன் ஊழியம் செய்ததற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

இதைவிடத் துயரமான கணக்கு ஒன்று உண்டு. 1983 முதல் 2010 வரையிலான 28 ஆண்டுகளில் ஜப்பானின் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் ஜூடோவினால் 114 மாணவர்கள் உயிரிழந்தனர் என்பதைக் கல்விச் சமூகவியல் ஆய்வாளர் உச்சிதா ரியோ பழைய பதிவுகளைத் தொகுத்து வெளிக்கொணர்ந்தார். பெரும்பாலானவை வகுப்பு நேரத்தில் அல்ல, பள்ளி முடிந்த பிறகு நடக்கும் ஜூடோ மன்றப் பயிற்சியில் நேர்ந்தவை. இறந்தவர்களில் புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள் அதிகம். பின்புறமாகச் சாய்த்து வீழ்த்தும் பிடியில் பின்தலை மோதுகிறது. சில வேளைகளில் தலை நேராக மோதாமலே, சுழலும் வேகத்தில் மூளைக்கும் அதன் உறைக்கும் இடையில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுகின்றன. முதல் அடிக்குப் பின் தலைவலி என்று சொன்ன பிள்ளையை ‘மன உறுதி இல்லை’ என்று மீண்டும் பாயில் இறக்கினால் அடுத்த அடி உயிரைக் குடித்துவிடும். சகிப்புத்தன்மை என்னும் நற்குணத்தின் பெயரால் இது நடந்தது என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

2010-இல் பிள்ளைகளைப் பறிகொடுத்த, பிள்ளைகள் நிரந்தர ஊனமுற்ற பெற்றோர் ஒன்றுகூடி ஓர் அமைப்பை நிறுவினார்கள். ஜூடோ பயில்வோர் மிகுந்த பிரான்சை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அங்கே அரசாங்கம் வழங்கும் தகுதிச் சான்று இல்லாமல் ஜூடோ கற்பிக்கக் கூடாது என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. ஜப்பானிலோ, கட்டாயப் பாடம் தொடங்கவிருந்த தருணத்தில், சில நாள் பயிற்சியோடு கறுப்புப் பட்டை பெற்று வகுப்பெடுக்கச் சென்ற உடற்கல்வி ஆசிரியர்களும் இருந்தார்கள். கலை பிறந்த மண் என்ற பெருமையே விழிப்பைக் குறைத்துவிட்டது போலும்.

யோக சூத்திரம் மற்றொரு பாகுபாட்டையும் தருகிறது. ஹிம்சை மூவகை: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, செய்வதை ஆமோதிப்பது. போர்க்கலை பற்றிய அறவிவாதங்களில் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியே பேசப்படுகிறது. பிள்ளை முரடனாகிவிடுவானோ என்ற அச்சம். இரண்டாவதும் மூன்றாவதும் பெரியவர்களைப் பற்றியவை. வீழக் கற்காத பிள்ளையை வீழ்த்தச் செய்த ஆசிரியர், தகுதியான ஆசிரியரைத் தராமல் பாடத்தை மட்டும் கட்டாயமாக்கிய அலுவலகம், ‘அந்தக் காலத்தில் நாங்களும் இப்படித்தான் அடிபட்டுக் கற்றோம்’ என்று தலையாட்டிய பெற்றோர் ஆகியோர் அங்கே வருகிறார்கள். கற்கும் பிள்ளையிடம் கேட்கப்படும் சுயகட்டுப்பாடு இவர்களிடமிருந்து தொடங்கியாக வேண்டும்.

அப்படித் தொடங்கியபோது நிலைமை மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். ஊடகங்களும் பெற்றோரும் எழுப்பிய குரலால் பாதுகாப்பு வழிகாட்டிகள் திருத்தப்பட்டன. தலைக்காயம் பற்றி ஆசிரியர்களுக்கு விளக்கப்பட்டது. தொடக்கநிலை மாணவர்களுக்கு ஆபத்தான பிடிகள் தள்ளிவைக்கப்பட்டன. 2012 முதல் 2014 வரை மூன்று ஆண்டுகள் பள்ளி ஜூடோவில் ஒரு மரணமும் நிகழவில்லை. விதியின் செயல் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது கவனக்குறைவின் செயல் என்று தெரிந்தது. 2015-இல் மீண்டும் ஒரு முதலாண்டு மாணவி இறந்தபோது, அந்தக் கவனம் எவ்வளவு எளிதில் தளரும் என்பதும் தெரிந்தது. 2022-இல் அகில ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு, தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்திவிட்டது. வெற்றி மோகம் சிறுவர்களைக் கெடுக்கிறது என்பது அது கூறிய காரணம். சிறுவர்களைவிடப் பெரியவர்களின் மோகத்தைக் கருதியே எடுத்த முடிவு அது என்று கொள்வது பொருந்தும். தன் கலையின் வளர்ச்சிக்கு விளம்பரமாக இருந்த ஒன்றைத் தானே விட்டுக்கொடுத்த அந்தச் செயலில் கானோவின் இலட்சியம் சற்றே உயிர்பெற்றது.

இனி நம் நாடு. 1929-இல் ரவீந்திரநாத் தாகூர், தகாகாகி ஷின்ஸோ என்ற ஜூடோ ஆசானை ஜப்பானிலிருந்து சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். மாணவர்களோடு மாணவியரும் அவரிடம் பயின்றார்கள். இசையும் நடனமும் ஓவியமும் கற்பித்த அதே பள்ளியில், அவற்றுக்குப் பகையாக இல்லாமல் ஜூடோவும் கற்பிக்கப்பட்டது. பெண்கள் மேடையேறுவதே வியப்பாகக் கருதப்பட்ட காலம் அது.

கேரளத்தின் களரிப்பயிற்றில் கற்பிக்கும் வரிசையே ஓர் அறநூல் போன்றது. முதலில் மெய்த்தாரி: உடலை வளைத்து வசப்படுத்துதல். பிறகு கோல்த்தாரி: மரத்தாலான கோல்கள். அதன்பின் அங்கத்தாரி: வாள் முதலிய உலோக ஆயுதங்கள். கடைசியில்தான் வெறுங்கைப் பயிற்சி. உயிர்நிலைகளாகிய மர்மங்களைப் பற்றிய அறிவும் அப்போதுதான். சாதாரணமாக யாரும் இதைத் தலைகீழாகவே எண்ணுவார்கள்: கையில் தொடங்கி வாளில் முடிவதுதானே இயல்பு? ஆனால் வாளைக் கீழே வைத்துவிடலாம். கையை வைத்துவிட முடியாது. கழற்றி வைக்க முடியாத ஆயுதத்தை ஒருவனிடம் ஒப்படைக்கும் முன் அவனைப் பல ஆண்டுகள் பார்த்துப் பழக வேண்டும் என்று ஆசான்கள் கருதினார்கள். அந்த அறையில் குருவுக்கும் மாணவனுக்கும் இடையே இருந்த நெடிய பழக்கத்தைப் பாடவேளை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் அடைப்பது? ஜப்பானியப் பள்ளிகளில் போர்க்கலைக்கு ஆண்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய பத்துப் பாடவேளைகள். அதில் வீழக் கற்கலாம், வணங்கக் கற்கலாம், தோழனின் சட்டைக் கையை விடாமல் பிடிக்கக் கற்கலாம். அவ்வளவே முடியும் என்று ஒப்புக்கொண்டு அதை மட்டும் கற்பிக்கும் பள்ளி நேர்மையான பள்ளி. மீதியைக் கற்பிப்பதாக வாக்களிக்கும் பள்ளியிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

2022-இல் ஹரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் களரிப்பயிற்று, பஞ்சாபின் கட்கா, மணிப்பூரின் தாங்-தா ஆகியவை இடம்பெற்றன. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. மறைந்துகொண்டிருந்த கலைகளுக்கு இது புத்துயிர். பதக்கப் பட்டியலில் சேர்ந்த கலை பள்ளிக்குள் வேகமாக நுழையும் என்பதால், ஜப்பானிய அனுபவம் நமக்கு அயலார் கதையாக இருக்கப்போவதில்லை.

நம் பள்ளிகளில் இப்போது பரவலாக நடப்பது வேறொன்று. நடுவண் அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ், ராணி லட்சுமிபாயின் பெயரால், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவியருக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி அளிக்கப்படுகிறது. குனிந்த தலையோடு நடக்கப் பழக்கப்பட்ட ஒரு சிறுமி, வயிற்றிலிருந்து குரலெழுப்பி ‘விடு’ என்று உரக்கக் கத்தப் பழகுவது சிறிய காரியம் அல்ல. பிடித்த கையை உதறத் தெரிந்த பெண்ணுக்கு, உதற உரிமை உண்டு என்பதும் தெரிந்துவிடுகிறது. சிறுமியருக்குத் தீங்கிழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. ஆகவே இருட்டுத் தெருவில் எதிர்ப்படும் அந்நியனைக் குத்தும் முறையைவிட, வீட்டுக்கு வந்துபோகும் உறவினரிடமிருந்து விலகவும், அதைத் தாயிடம் சொல்லவும் வேண்டிய துணிவே அவளுக்கு முதலில் தேவை. நல்ல பயிற்சியாளர்கள் இதை அறிந்தே கற்பிக்கிறார்கள்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அந்தப் பயிற்சி மாணவியருக்கு மட்டும். ஜப்பான் 2012-இல் செய்த நல்லவற்றுள் ஒன்று, இருபாலரையும் ஒரே பாயில் வணங்கி நிற்க வைத்தது. தாக்கப்படக்கூடியவளுக்குத் தப்பிக்கும் வழி கற்பிக்கப்படுகிறது; தோழனின் உடல் தன் கையில் இருக்கும்போது அதைச் சேதமின்றித் தரையில் இறக்க வேண்டும் என்பதும், ‘போதும்’ என்று தட்டியவுடன் விட்டுவிட வேண்டும் என்பதும் யாருக்கு மிகவும் அவசியமோ, அந்த மாணவன் அந்த நேரத்தில் மைதானத்தின் மறுகோடியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அந்தப் பாடம் எந்த வகுப்பில், யாரால் நடத்தப்படும் என்பது இன்னும் எந்த அட்டவணையிலும் எழுதப்படவில்லை.